இல்லாத அருணுக்கு நாற்பது நாள் உபவாசம்

தூத்துக்குடியில் ஒரு சபை முழுவதையும், நாங்கள் ஐயரவாள் என்று அழைக்கும் பாதிரியார் முதல் கோயில் மணி அடிப்பவர் வரை, பிறக்கவே பிறக்காத ஒரு பையனுக்காக, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் நாற்பதும் முழங்காலில் நிற்க வைத்த மனிதர் ஒருவர்தான். அவர் கிரேன் அண்ணாச்சி. வேண்டுமென்று செய்யவில்லை. விளையாட்டுக்கும் செய்யவில்லை. விளையாட்டுக்கு அவர் எதையாவது செய்து நான் பார்த்ததே இல்லை.

ஞானஸ்நானத்தின்போது அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது சபைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கும். துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டியதால் அவர் கிரேன் அண்ணாச்சி, அவர் மனைவி கிரேன் மைனி. மகள் கல்யாணப் பத்திரிகையில் சொந்தப் பெயரைப் போட்டுவிட்டதால், யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியாமல் பாதிப் பேர் வரவில்லை. அதே துறைமுகத்தில் நான் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கிளார்க். கப்பலில் வரும் சரக்கை அவர் இறக்குவார், அதற்கான பேப்பரை நான் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோயிலில் ஒரே பெஞ்சு.

கிரேன் கேபினில் எட்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பேச ஆள் கிடையாது. கீழே சிக்னல் காட்டுகிறவரின் கை மட்டும்தான் தெரியும். அதனால் அண்ணாச்சியின் நாக்கு காலப்போக்கில் வேலையை ராஜினாமா செய்து, பொறுப்பைக் கையிடம் ஒப்படைத்துவிட்டது. விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்துக் கையை நீட்டி ஆட்டினால் நிறுத்து. இந்த மூன்றை வைத்தே அவர் குடும்பம் நடத்தினார். மைனி குழம்பு ஊற்றும்போது இறக்கச் சொல்வார், போதுமென்றால் நிறுத்துவார். மீன்காரி விலை சொன்னால் விரலைக் கீழே சுழற்றுவார். அவள் குறைக்கக் குறைக்கச் சுழற்றிக்கொண்டே இருப்பார். கடைசியில் அவள், "ஐயா, உங்க கைய நிறுத்தும், தலை சுத்துது" என்று மீனைச் சட்டியில் போட்டுவிட்டுப் போவாள்.

ஒரு ஞாயிறு பிரசங்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியபோது அண்ணாச்சி மூன்றாவது பெஞ்சிலிருந்து கையை நீட்டி ஆட்டினார். ஐயரவாள் பாதி வாக்கியத்தில் ஆமென் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் நான் கேட்டேன், "என்ன அண்ணாச்சி, ஐயரையே நிறுத்திட்டிய?"

"நிறுத்துன்னு யாரு காட்டினாலும் நிறுத்தணும். அது கிரேன் சட்டம்" என்றார்.

கிரேன் சட்டம் இன்னொன்றும் உண்டு. கொக்கியில் சரக்கு தொங்கும்போது ஓட்டுகிறவர் கேபினை விட்டு இறங்கக் கூடாது. ஒருமுறை ஒரு பெரிய இயந்திரத்தைக் கப்பலிலிருந்து தூக்கிப் பாதி வழியில் வரும்போது மோட்டார் மக்கர் பண்ணிவிட்டது. சரக்கு அந்தரத்தில் நின்றது. ஃபோர்மேன் கீழேயிருந்து, "எறங்கி வந்து சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணாச்சி, அது எங்கயும் போயிராது" என்று கத்தினார். அண்ணாச்சி இறங்கவில்லை. ஏழு மணி நேரம். கயிறு கட்டி மேலே அனுப்பிய டிபன் கேரியரைக்கூட, சரக்கு தரை தொட்ட பிறகுதான் திறந்தார். இதை ஊரில் எல்லோரும் சிரிப்புக்காகச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் ரிட்டயர் ஆன மறு வருஷம், மகள் பிரசவத்துக்கு மைனி நாகர்கோவிலுக்குப் போனார். மூன்று மாதம். வீட்டில் அண்ணாச்சியும் டி.வி.யும் மட்டும்.

நம் கதையில் என் பங்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது. சபையின் வாராந்தர ஜெபக்குறிப்புத் தாளை டைப் அடிப்பது என் பொறுப்பு. கோயில் வாசலில் ஒரு பெட்டி இருக்கும். அதில் போடும் சீட்டில் மூன்று கட்டங்கள்: யாருக்காக, எதற்காக, விண்ணப்பிப்பவர். கடைசிக் கட்டத்தில் யாரும் சொந்தப் பெயரைப் போடுவதில்லை. 'ஒரு சகோதரன்', 'ஒரு சகோதரி', அவ்வளவுதான். அந்த நாட்களில் வாரம் தவறாமல் ஒரு சீட்டு வரும். அளவுகோல் வைத்து எழுதியது போல நேரான எழுத்து. யாருக்காக: மகன். விண்ணப்பிப்பவர்: ஒரு தாய். 'எதற்காக' என்ற கட்டம் மட்டும் எப்போதும் காலி. காலிக் கட்டத்தோடு ஒரு பேப்பரை அனுப்ப என் தொழில் புத்தி இடம் கொடுக்காததால், 'ஆண்டவர் அறிவார்' என்று நானே நிரப்பிவிடுவேன்.

லெந்து தொடங்கிய வாரம் அண்ணாச்சியின் சீட்டு வந்தது. 'அருண். வயது 17. போதை மாத்திரைப் பழக்கம். தகப்பன் சாப்பாட்டு மேசைக்கு வருவதில்லை. தாய் அழுகிறார்.' நான் டைப் அடித்தேன். ஐயரவாள் ஆராதனையில் வாசித்தார். கோயிலில் பெரிய 'உச்' சத்தம் எழுந்தது. பின்பெஞ்சுக்காரர் ஒருவர் என் காதில், "நம்ம சபைப் பையனா?" என்றார். அண்ணாச்சியைப் பார்த்தேன். கையை மேற்கே திருப்பிக் காட்டினார். வெளியாள் என்று புரிந்துகொண்டோம்.

அடுத்த வாரம், 'அருண் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கப்பட்டான்.' அதற்கடுத்த வாரம், 'அருண் தாயைத் தள்ளிவிட்டான். தகப்பன் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.' நாலாவது சீட்டு வருவதற்குள் எனக்கு மனது கேட்கவில்லை. பையனுக்கு ஏதாவது உதவி செய்யலாமே என்று ஒரு மத்தியானம் லீவு போட்டுவிட்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

மணி இரண்டரை. அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டி.வி.யில் ஒரு பையன் சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டிருந்தான். அண்ணாச்சி கையை நீட்டி, நிறுத்து, நிறுத்து என்று ஆட்டினார். பையன் மாத்திரையை வாயில் போட்டான்.

"ஏல, பாத்தியா? நாம காட்டுதத அவன் மதிக்கவே மாட்டேங்கான்."

"அண்ணாச்சி... இவன்தான் அருணா?"

தலையசைத்தார்.

"இது டி.வி. நாடகம் அண்ணாச்சி!"

"டி.வி.ன்னு எனக்குத் தெரியாதால? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றார். "பையன் கெட்டுப்போறாம்லா. பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்லுதியா?"

நான் உடனே ஐயரவாளிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஐயரவாள் அதற்குள் அருணுக்காக இரண்டு தடவை கண்ணீர் விட்டிருந்தார். தாளில் மூன்று வாரம் அச்சாகிவிட்டது. அச்சான பேப்பரில் திருத்தம் போடுவது போன்ற தலைவலி எங்கள் தொழிலில் வேறு இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

யாருக்கும் தெரியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வருஷம் லெந்து நாட்களில் சீரியல் பார்ப்பதில்லை என்று பெண்கள் ஐக்கிய சங்கம் பொருத்தனை செய்திருந்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சங்கச் செயலாளர் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு, சபையில் கண்டிப்பு. அவர் கை தூக்கச் சொன்னால் தூக்காதவர் கிடையாது. ஆக, சீரியல் இல்லாமல் வாடிக்கொண்டிருந்த ஒரு சபைக்கு வாரம் ஒரு தடவை அருண் கிடைத்தான். வழக்கமாகப் பதினைந்து பேர் வரும் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்கு மண்டபத்தில் பாய் போதவில்லை. அருணின் தகப்பனுக்காக ஆண்கள் தனியாகக் கூடினார்கள். ஒரு பெரியவர் அருணின் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் மனந்திரும்பும்படி ஜெபித்தார்.

ஒருநாள் ஐயரவாளின் மனைவி ஐயரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். "தம்பி, அருணோட அக்காவுக்கு நிச்சயம் பண்ணுன கல்யாணம் நின்னுபோச்சே. பாவம். அதையும் ஜெபக்குறிப்புல சேத்துக்கிடுங்க."

"அக்காவா? அக்காவப் பத்தி அண்ணாச்சி ஒண்ணும் எழுதலையே, ஐயரம்மா."

ஐயரம்மா பக்கத்திலிருந்த செம்பருத்திச் செடியின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பிறகு, "கர்த்தர் உணத்துனாரு தம்பி" என்றார்கள்.

மத்தியானம் இரண்டரை மணிக்குத்தான் உணர்த்தியிருப்பார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை, அவர்களும் என்னைக் கேட்கவில்லை. அக்காவைச் சேர்த்துக்கொண்டேன்.

தொல்லை எல்லாம் கணக்கு டீச்சரால்தான். ஆராதனை முடிந்ததும் அண்ணாச்சியை மறித்துக்கொள்வார். "அருண் வீடு எந்தப் பக்கம் அண்ணாச்சி?" அண்ணாச்சி மேற்கே கையைக் காட்டுவார். டீச்சர் மில்லர்புரம் பக்கம் தெருத் தெருவாக விசாரித்துவிட்டு அடுத்த ஞாயிறு வந்து, "அங்கன அப்படி யாரும் இல்லையாமே" என்பார். அண்ணாச்சி கையை இன்னும் கொஞ்சம் மேற்கே நீட்டுவார். "அந்தம்மா வேலைக்குப் போறாகளா? எந்நேரம் வீட்டுல இருப்பாக?" என்று நச்சரிப்பு தொடரும். வம்பு தேடும் பெண்பிள்ளை என்று நான் மனதுக்குள் திட்டினேன். அப்படித் திட்டியதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

லெந்தின் கடைசி ஞாயிறான குருத்தோலை ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்பு அண்ணாச்சியிடமிருந்து போன். அவர் போன் செய்ததே அதுதான் முதல் தடவை. "வா" என்றார்.

போனேன். டி.வி.யில் ஒரு அம்மாள் ரவையை வறுத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்திட்டானுவ" என்றார் அண்ணாச்சி. "நேத்து பையனை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூட்டியாந்துட்டாவ. ஒரு காலு உள்ள, ஒரு காலு வெளிய. அப்படியே நிக்கான். இன்னைக்கு நாடகம் இல்ல. உப்புமா."

"ஆளுங்க பாத்திருக்க மாட்டாங்க அண்ணாச்சி. அதான் பாதியில தூக்கிட்டான். நல்லதாப் போச்சு. ஜெபக்குறிப்புலயும் எடுத்துருவோம். குணமாயிட்டான்னு போட்டுருதேன்."

அண்ணாச்சி நாற்காலியை விட்டு அசையவில்லை.

"சரக்கு தொங்குதுல. எப்படி எறங்கச் சொல்லுத?"

குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்து, கோயில் ஆபீஸ் அறையில் பரிசுத்த வாரத் தாளை அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி பக்கத்தில் நின்றார். அருண் பெயர் இருக்கிறதா என்று மேற்பார்வை. கணக்கு டீச்சர் கையில் குருத்தோலையோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"இன்னைக்கு எனக்கு விலாசம் வேணும் அண்ணாச்சி. ரெண்டு பஸ் மாறணும்னாலும் போறேன். அந்தம்மாவ நான் பாக்கணும்."

அண்ணாச்சி கையைத் தூக்கினார். மேற்குக்கு மேல் மேற்கு கிடையாது. கை தானாக இறங்கியது.

"டீச்சர், அது டி.வி.யில வார பையன்."

இடி விழப்போகிறது என்று நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். இடி விழவில்லை. டீச்சர் மெதுவாகக் கேட்டார், "அப்போ அந்தம்மா?"

"அவியளும் நடிக்கிறவியதான்."

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தார். குருத்தோலையை மடியில் வைத்து மடித்து மடித்துச் சின்னதாக்கினார். "எம் பையன் பிளஸ் டூ. ஆறு மாசமா மாத்திரை. ஸ்கூல்ல எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் நான் புத்தி சொல்லுதேன். இதை யாருட்டப் போயிச் சொல்ல? அவன் ரூமைப் பூட்டிக்கிட்டான்னா திறக்க மாட்டேங்கான். அந்தம்மாட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான் அலைஞ்சேன். கதவுக்கு வெளிய நின்னு நீங்க என்ன பேசுவிய அக்கான்னு."

மேசையில் அன்றைய சீட்டுகள் கிடந்தன. அளவுகோல் எழுத்துச் சீட்டு மேலேயே இருந்தது. யாருக்காக: மகன். எதற்காக: காலி. ஆறு மாதமாக அந்தக் கட்டத்தை நிரப்பிய நான் ஒரு வார்த்தையும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணாச்சிக்குத் தோன்றியது. "அது நாப்பத்தாறாவது எபிசோடு" என்றார்.

டீச்சர் நிமிர்ந்தார்.

"அவிய ஒண்ணும் பேசல டீச்சர். பேசிப் பேசிப் பாத்தாவ, அவன் தொறக்கல. பொறவு கதவு முன்னால உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சாவ."

"உரிச்சு?"

"விளம்பரம் வந்துட்டு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். டீச்சர் கேட்டார், "விளம்பரம் முடிஞ்ச பொறவு?"

"மறுநாளும் உரிச்சாவ. அவன் தொறந்தான்."

திங்கட்கிழமை காலை டீச்சர் வீட்டுக்கு அண்ணாச்சி போனார், கையில் தன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியோடு. டீச்சரின் கணவருக்கு வளைகுடாவில் வேலை. பூட்டிய கதவுக்கு முன்னால் டீச்சர் தரையில் அமர்ந்து வெங்காயம் உரித்தார். பக்கத்தில் அண்ணாச்சி நாற்காலியில். புத்திமதி இல்லை, வேத வசனம் இல்லை. எட்டு மணி நேரம் பேசாமல் ஓரிடத்தில் உட்காரும் வித்தை ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கதவு திறக்கவில்லை. பையன் சாப்பாட்டை ஜன்னல் வழியே வாங்கிக்கொண்டான். சாயங்காலம் நான் எட்டிப் பார்த்தபோது டீச்சர் வீட்டில் ஒரு மாதத்துக்குப் போதுமான வெங்காயம் உரிபட்டிருந்தது. செவ்வாயும் அப்படியே. நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு அது, நாற்காலி போட்டு உக்காந்திருக்கிறது?"

"கிரேன்" என்றார் அண்ணாச்சி.

"எதுக்கு உக்காந்திருக்கிய?"

அண்ணாச்சி யோசித்தார். பிறகு, என் அறிவுக்கெட்டிய வரையில், வாழ்க்கையிலேயே அவர் பேசிய மிக நீளமான பேச்சைப் பேசினார். அருண் என்று ஒரு பையன், அவன் மாத்திரை, சாப்பாட்டு மேசைக்கு வராத தகப்பன், நின்றுபோன அக்கா கல்யாணம், வெங்காயம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று சொல்லிவிட்டு நிறுத்தினார்.

பையனின் குரல் கதவுக்குப் பக்கத்தில் வந்தது. "பொறவு என்னாச்சு?"

"உப்புமா."

"என்னது?"

"நாடகத்த நிறுத்திட்டு உப்புமா போட்டுட்டான். பையன் இன்னும் வாசல்லயே நிக்கான். எங்க சபையில எரநூறு பேரு அவனுக்காவ உபவாசம் இருக்காவ. டி.வி. பையன்னு அவியளுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது."

உள்ளே ஒரு சத்தம். அழுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். டீச்சரின் கை வெங்காயத்தில் அப்படியே நின்றது. அந்தச் சத்தத்தை அவர் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்ததோ. தாழ்ப்பாள் விலகியது.

இதற்குப் பிறகு எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அப்படி முடியவில்லை. அண்ணாச்சியும் டீச்சரும் ஆளுக்கொரு பக்கம் நின்று அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். வாசலில் அவன் நின்று, ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துவிட்டு அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தானாம். அவர் சிரிக்கவில்லை. விரலைக் கீழே நீட்டி மெதுவாகச் சுழற்றினாராம். நாலு மாதம் நன்றாக இருந்தான், பிறகு ஒரு தடவை சறுக்கினான், மறுபடி கதவு பூட்டிக்கொண்டது. அண்ணாச்சி மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அந்த நாற்காலி இப்போதும் டீச்சர் வீட்டில்தான் இருக்கிறது. பையன் ஐ.டி.ஐ. படிக்கிறான். இரண்டு வருஷமாகச் சறுக்கவில்லை. அவனிடமும் டீச்சரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எங்கள் சபையார் படித்துவிட்டு என்னை என்ன செய்வார்கள் என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை.

அருணின் பெயரை நான் இன்னும் எடுக்கவில்லை. போன வருஷம் ஒரு தடவை, "டீச்சர் பையன் தேறிட்டாம்லா அண்ணாச்சி, இனிமே எடுத்துருவோமா?" என்று கேட்டுப் பார்த்தேன். "அவன் எறங்கிட்டான். அருண்?" என்றார். ஐயரவாள் மாறிப் புது ஐயரவாள் வந்துவிட்டார். அவரும் வாராவாரம் வாசிக்கிறார்.

போன மாதம் அண்ணாச்சிக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்று நாகர்கோவிலில் மகள் வீட்டிலிருந்து தகவல் வந்தது. சனிக்கிழமை தாள் அடிக்க உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. அவர் இல்லாத மூன்றாவது பெஞ்சை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. 'யாருக்காக' என்ற கட்டத்தில் பதிவேட்டைப் பார்த்துச் சரியான பெயரைப் போடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆண்டவர் குழம்பிவிடுவார் என்று கிரேன் அண்ணாச்சி என்றே அடித்தேன். விண்ணப்பிப்பவர் கட்டத்தில் முதல் தடவையாக என் பெயரை இனிஷியலோடு போட்டேன்.

பிறகு பெட்டியைத் திறந்தேன். அவருக்காக மட்டும் பதினோரு சீட்டு. ஒன்று ஐ.டி.ஐ. நோட்டிலிருந்து கிழித்த தாளில், கோணல்மாணலான எழுத்தில் இருந்தது. யாருக்காக: கிரேன் அண்ணாச்சி. எதற்காக: அவர் எழுந்து உட்காரும் வரைக்கும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.

விண்ணப்பிப்பவர்: அருண்.